சவம் எடுக்கும் வரை பந்தயம் கிடையாது

செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டிஷ்காரர்கள் சண்டை போடும்போது அவர்கள் வாயைப் பொத்துவதுதான் முத்துமாரியின் வேலை. நம்புங்கள், இதற்கும் சம்பளம் தருகிறார்கள். வெளிநாட்டு இணையதளங்களில் வாசகர்கள் எழுதும் கருத்துகளைக் காவல் காக்கிற கம்பெனி அது. நாய் வளர்ப்பவர்கள் தளம் ஒன்று, ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் தளம் ஒன்று. முத்துமாரி பார்ப்பது பிரிட்டன் அரசியலையும் தேர்தலையும் பேசிப் பேசியே அதன்மேல் பந்தயம் கட்டுகிற தளம். அதன் பெயரைச் சொன்னால் ஒப்பந்தப்படி அவள் வேலை போகும். நமக்கு எதற்கு அந்தப் பாவம்.

இங்கே தேர்தல் பந்தயம் என்றால் போலீஸ் வரும். அங்கே அதற்குக் கடை வைத்திருக்கிறார்கள், போர்டு மாட்டியிருக்கிறார்கள், பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் காய்கறி வாங்கப் போகிற மாதிரி போய்க் கட்டிவிட்டு வருகிறார்கள். கட்டிய பிறகு தளத்துக்கு வந்து, தாங்கள் ஏன் சரி, மற்றவன் ஏன் மடையன் என்று எழுதுகிறார்கள். எழுதியது சந்தேகமாக இருந்தால் முத்துமாரியின் திரைக்கு வரும். அவள் கையில் மூன்று பொத்தான்கள். விடலாம், தூக்கலாம், நிறுத்தி வைக்கலாம். அவள் மட்டும் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. ஊரெல்லாம் பேசுகிற இடத்தில் வாய் திறக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்வது தாராவியில் பிறந்தவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தாராவிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

முதல் மாதம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 5/2 என்று எழுதினால் இரண்டு கட்டியவனுக்கு ஐந்து லாபம் என்பதையே பக்கத்து சீட் ஆஷிக்தான் சொல்லிக் கொடுத்தான். இப்போது நான்கு வருஷம் ஆகிறது. யார் வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு எழுதுவார், யார் பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு எழுதுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அத்தனை பேரிலும் அவளுக்குப் பிடித்தவர் ‘ஈரக்குடை’. அவர் வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயருக்கு அவள் போட்ட தமிழ் அது. எல்டர்மியர் என்கிற சின்னத் தொகுதியைச் சேர்ந்தவர், வேறு எந்தத் தொகுதியின் மேலும் அவர் கட்டுவதில்லை. அந்த ஊர் எம்.பி.க்கு எது நடந்தால் நல்லதோ, அது நடக்காது என்று கட்டுவார். தேர்தலில் தோற்பார் என்று கட்டுவார், மனிதர் ஜெயிப்பார். கமிட்டித் தலைவர் பதவி போகும் என்று கட்டுவார், பதவி நிலைக்கும். ஈரக்குடையின் பந்தயம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

“ரெண்டு பேருக்கும் பெரிய லஃப்டா இருக்கும்போல அக்கா. சொத்துத் தகராறா இருக்கும்” என்பான் ஆஷிக்.

“பகையாளின்னாலும் தரமான பகையாளிடே. ஒரு கெட்ட வார்த்தை எழுத மாட்டாரு” என்பாள் முத்துமாரி.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. தொண்ணூறடி ரோட்டில் ஒரு சட்டைப் பட்டறையில் லேபிள் தைத்துக்கொண்டே தபாலில் பட்டம் படித்தவள். கட்டியவன் ஒன்றரை வருஷத்திலேயே உல்லாஸ்நகரில் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விடுவோம். அப்பா வேல்ராஜ் போன பிறகு, அம்மா முப்பிடாதியம்மாளும் அவளும் இருக்கிற அந்த ஒற்றை அறை ஓடுவது அவள் சம்பளத்தில்தான். இத்தனை வருஷமும் ஒப்பந்த ஆள். அடுத்த மாதம் பெர்மனன்ட் ஆக்குவதாக டீம் லீடர் சுரேந்திரன் சொல்லியிருந்தார். பெர்மனன்ட் என்றால் நாளைக்கு வராதே என்று யாரும் போனில் சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்பா செத்த கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வேல்ராஜ் அந்தச் சந்தின் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர். திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் சேர்ந்து வைத்த சங்கம், கோவில் கொடைக்கு வரி பிரிப்பதும் சாவுக்கு வண்டி பிடிப்பதும் அதன் வேலை. அவர் போன அன்று சந்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற நயினார் சித்தப்பாவும் இன்னொருவரும் அடுத்த செயலாளர் யார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினால்கூடப் பரவாயில்லை. “செல்வம்தாம் வருவான், ஒரு பிரியாணி பந்தயம்” என்று கைமேல் கை அடித்தார்கள். செத்தவர் கால் கட்டைவிரல் கட்டி அப்போதுதான் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முத்துமாரி டிரம்முக்கு இந்தப் பக்கம் சொம்போடு நின்றிருந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். வேல்ராஜ் கேரம்போர்டில் டீக்குப் பந்தயம் கட்டித் தோற்பதில் பேர்போனவர். முப்பிடாதியம்மாள் அதையும் விடவில்லை.

“டீக்குக் கட்டித் தோத்தீரே, தெருவெல்லாம் சிரிச்சீரே, கட்டாத பந்தயத்துல என்னையுமா…”

அங்கே வந்த நயினார் சித்தப்பா, “மைனி, கொஞ்ச நேரம் சும்மா இரிங்க. கார்ப்பரேட்டர் மாலையோட வாறாரு, வீடியோ எடுக்காவ” என்றார். அம்மா வாயை மூடினாள். கவுன்சிலர் மாலை வந்தது, வீடியோ எடுத்தார்கள், தூக்கினார்கள். அந்த வரியை அம்மா பிறகு முடிக்கவே இல்லை. இரண்டு வருஷமாகிறது, இன்றைக்கும் நயினார் சித்தப்பா எதிரே வந்தால் முத்துமாரிக்கு வயிறு எரியும்.

இப்போது எல்டர்மியருக்கு வருவோம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் வந்து ஹெட்போனைக்கூட மாட்டவில்லை, அந்த எம்.பி. மாரடைப்பில் செத்துப்போன செய்தி வந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. இடைத்தேர்தல் எப்போது, யார் நிற்பார், எந்தக் கட்சிக்கு என்ன விலை என்று மழை பெய்கிற மாதிரி கொட்ட ஆரம்பித்தது. ஐந்துக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று. ஒருவர், “பாவம் நல்ல மனிதர்” என்று பாதி வரியில் துக்கம் கேட்டுவிட்டு மீதி வரியில் விலை சொல்லியிருந்தார்.

முத்துமாரிக்குத் தண்ணீர் டிரம் கண்முன் வந்து நின்றது.

தளத்தின் விதிகளில் சாவுக்கு ஒரு வரி உண்டு. ஒருவர் இறந்தால் ‘கண்ணியமான இடைவெளி’ விட வேண்டும், அதை மாடரேட்டர், அதாவது முத்துமாரி, முடிவு செய்யலாம். எத்தனை நாள் என்று எழுதவில்லை. அதுவரை யாரும் அந்த வரியைச் சீந்தினதுமில்லை.

“ஏல ஆஷிக், துட்டி வீட்டுல பொணத்த வச்சிக்கிட்டுப் பந்தயம் பேசலாமா?”

“எடுக்குற வரைக்குமாச்சும் பொறுக்கணும்க்கா. எங்கள்ல காலைல மௌத்துன்னா சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள அடக்கிருவாங்க.”

“எங்கள்லயும் மிஞ்சிப் போனா மறுநாள். வெளியூர்ப் பிள்ளை வரணும்னா ஐஸ் பெட்டி.”

ஒரு நாள் கணக்குத்தானே என்று நினைத்தாள். எல்டர்மியர் பேரும் பந்தய விலையும் சேர்ந்து வந்தால் நேரே நிறுத்திவைப்புக்குப் போகும்படி வடிகட்டியை மாற்றினாள். அதுவரை வந்து குவிந்திருந்ததை ஒன்றொன்றாகப் படிக்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டலில் நிறுத்தினாள். அறிவிப்புப் பலகையில், ‘இறுதிச் சடங்கு முடியும் வரை இந்தத் தொகுதி பற்றிப் பந்தயப் பேச்சு இல்லை’ என்று போட்டாள். மாடரேட்டர் போடலாம் என்று அனுமதித்த ஒரே இடம் அதுதான்.

மறுநாள் ஆஷிக் எல்டர்மியரின் உள்ளூர்ப் பத்திரிகையைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா. அடக்கம் மூணாவது வாரம் புதன்கிழமையாம்.”

“யாருக்கு?”

“இவருக்குத்தான்.”

முத்துமாரி எழுந்து வந்து பார்த்தாள். ஆமாம். அங்கே அப்படித்தானாம். சர்ச் கிடைக்க வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும், உறவினர் விடுமுறை போட வேண்டும். இங்கே மனுஷன் செத்தால் பதினாறே முடிந்துவிடும், அங்கே இன்னும் எடுத்தே இருக்க மாட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது. நாம் என்றால் சத்தமில்லாமல் வடிகட்டியை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

மத்தியானம் சுரேந்திரன் வந்தார். மாதுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார், கண்ணாடியைத் துடைப்பார்.

“முத்துமாரி, என்ன பண்ணியிருக்கீங்க? க்ளையன்ட் மெயில் மேல மெயில் அனுப்பறாங்க. மூணு வாரம் பந்தயத் தளத்துல பந்தயம் பேசக் கூடாதுன்னா அவா எதுக்குக் கடை திறந்து வெச்சிருக்கா?”

“கண்ணியமான இடைவெளின்னு அவங்கதான சார் எழுதியிருக்காங்க.”

“அது ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சரி, சிஸ்டம் எரர்னு ஒரு வரி எழுதிடறேன். நீங்க ஃபில்டரை எடுத்துடுங்கோ. உங்க கன்ஃபர்மேஷன் என் மேஜைமேலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னார். அது அவளுக்கும் தெரியும்.

“சிஸ்டம் தப்பு பண்ணல சார். நாந்தாம் செஞ்சேன். மூணு வாரம்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனான்னு கேட்டா, தெரியல. ஆனா எடுக்குற வரைக்கும்னு போர்டு போட்டாச்சு. இப்ப எடுக்க நேரமாவும்னு தெரிஞ்ச உடனே மாத்துனா, அது மரியாதையா? மரியாதைக்கு மணி பாப்பாங்களா?”

சுரேந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார்.

அதற்குள் தளத்தில் ரணகளம். யார் இந்த மாடரேட்டர், பாதிரியாரா, சர்வாதிகாரியா என்று ஏசினார்கள். அவள் ஓர் ஆண் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, சிலர் அவள் பக்கமும் நின்றார்கள். செத்தவர் குடும்பம் இதைப் படிக்காதா என்று ஒரு பெண்மணி கேட்டார். அப்புறம் பந்தயக்காரர்கள் பந்தயக்காரர்களுக்கே உரியதைச் செய்தார்கள். எல்டர்மியரில் கட்ட விடவில்லை என்றால் என்ன, மாடரேட்டர் மேல் கட்டுவோம் என்று ஆரம்பித்தார்கள். தடை எந்தத் தேதியில் உடையும் என்று ஒரு பந்தயம். மாடரேட்டர் வேலை போகுமா, போகாதா என்று இன்னொன்று. போகும் என்பதற்குத்தான் கூட்டம் அதிகம்.

அந்தக் கருத்துகள் எல்லாம் ‘ஊழியரைத் தாக்குதல்’ என்று சந்தேகக் கொடி குத்தப்பட்டு அவள் திரைக்கே வந்தன. தன் வேலை போவதற்கு என்ன விலை என்று அவளே படித்து அவளே முடிவு செய்ய வேண்டும்.

“தூக்குங்கக்கா. விதியே இருக்கு” என்றான் ஆஷிக்.

முத்துமாரி ஒவ்வொன்றாக விட்டாள்.

“பைத்தியமா உங்களுக்கு?”

“எடுக்காத பொணத்து மேலதாம்டே பந்தயம் கட்டக் கூடாது. நான் உசுரோடதான இருக்கேன். கட்டட்டும்.”

ஒரே ஓர் ஆள் மட்டும் வாய் திறக்கவில்லை. ஈரக்குடை. நாள்தோறும் நாலு வரி எழுதுகிறவர் செய்தி வந்த நாளிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. முத்துமாரிக்கு அதில் பெரிய நிம்மதி. “பாத்தியா, பகையாளியா இருந்தும் மனுஷன் வாய மூடிட்டாரு. அதுதாம் மரியாதை” என்று ஆஷிக்கிடம் சொல்லிக் காட்டினாள். மனதுக்குள் அவரைத் தன் பக்கத்து ஆளாகவே சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பிரிட்டனிலிருந்து தளத்தின் நிர்வாகி ஹெலன் அழைத்தாள். மீட்டிங் அறையில் சுரேந்திரனும் முத்துமாரியும். சுரேந்திரன் நான்கு மன்னிப்புகளைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. இந்தச் சண்டையைப் பார்க்க வந்த கூட்டம் அந்த வருஷத்திலேயே அதிகமாம். ஹெலனின் குரலில் சர்க்கரை வழிந்தது. தடை அப்படியே இருக்கட்டும் என்றாள். ஒரே நிபந்தனை. தடை உடைகிற தேதி மேல் ஏராளமானவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். புதன்கிழமை சவப்பெட்டி சர்ச்சை விட்டு வெளியே வரும் முன்பு நிறுத்திவைத்த குவியலிலிருந்து ஒரே ஒரு கருத்து வெளியே போனாலும் தளம் ஏமாற்றியது என்பார்கள். அப்படி நடந்தால் மாடரேட்டரை மாற்றிவிடுவோம், மன்னிக்கவும் என்றாள்.

வெளியே வந்ததும் சுரேந்திரன் முதல் தடவையாகச் சிரித்தார். “அதிர்ஷ்டசாலி நீங்க. புதன் வரைக்கும் கையைக் கட்டிண்டு இருங்கோ, மறுநாளே லெட்டர் கையெழுத்து போட்டுத் தரேன்.”

முத்துமாரிக்குச் சந்தோஷம் வரவில்லை. மரியாதை செய்யப் போன இடத்தில் கூத்துக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது போலிருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதுதானே. ஆனாலும் தடை நிற்கிறது, அது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். முப்பிடாதியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எள்ளுதாம் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? எவனோ வெள்ளக்காரன் செத்ததுக்கு நீ எதுக்கு உன் சோத்துல மண்ண அள்ளிப் போடுத?”

“அப்பா பக்கத்துல நின்னு பிரியாணிக்குக் கை அடிச்சாவல்லா, அதாம்மா.”

அம்மா அடுத்த கொத்தை எடுத்து உருவினாள். பிறகு கேட்டாள். “அந்த மனுசனுக்கு ஒப்பாரி வைக்க ஆள் இருக்கா?”

“அங்கெல்லாம் சத்தம் போட்டு அழ மாட்டாங்கம்மா.”

“அழாம இருப்பாவளா? வேற மாதிரி அழுவாவ. நமக்குத் தெரியாது” என்றாள் அம்மா.

புதன்கிழமை வந்தது. அங்கே காலை பதினொன்றுக்குச் சர்ச், இங்கே மாலை நாலரை. சுரேந்திரன் மத்தியானமே வந்து, நிறுத்திவைத்த குவியலை ஒரு தடவை பார்த்து ஆபாசமானதைத் தூக்கிவிட்டுத் தயாராக வைக்கச் சொன்னார். பெட்டி வெளியே வந்ததும் ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் விட வேண்டும். முத்துமாரி முதல் நாளின் முதல் கருத்திலிருந்து ஆரம்பித்தாள். விலை, விலை, ஒரு கெட்ட வார்த்தை, தூக்கு, மறுபடி விலை.

அடுத்தது ஈரக்குடை.

அவள் கை நின்றது. அவர் எழுதவே இல்லையே. தேதியைப் பார்த்தாள். செய்தி வந்த அதே நாள், அதே மணி. அவள் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டலில் நிறுத்தியதில் இதுவும் போயிருக்கிறது. ஐந்துக்கு இரண்டு என்று அதில் ஒரு விலை இருந்தது. படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை நம் வாயில் சொன்னால் இப்படி வரும்.

‘நீங்கள் எல்லாம் ஆரம்பிக்கும் முன் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவன் நின்ற ஆறு தேர்தலிலும், அவன் தோற்பான் என்றுதான் நான் கட்டினேன். தோற்றுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான், அந்தக் காசில் அவனை ராச்சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. எனக்குப் பிரியமானவர்களுக்கு எதிராக மட்டுமே நான் கட்டுவேன், அது அவனுக்குத் தெரியும். ஆறு தடவையும் பாவி ஜெயித்தான். ஆறு தடவையும் சாப்பாட்டுக்கு அவன்தான் காசு கொடுத்தான், கொடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தான். இன்று காலை எல்டர்மியருக்கு ஐந்துக்கு இரண்டு என்கிறார்கள். யார் தோற்பதற்கு நான் இனிக் கட்டுவேன்? யாரோடு போய்ச் சாப்பிடுவேன்?’

முத்துமாரி இரண்டாவது தடவை படிக்கவில்லை. தேவைப்படவில்லை. இது என்னவென்று அவளுக்குத் தெரியும். டீக்குக் கட்டித் தோத்தீரே, தெருவெல்லாம் சிரிச்சீரே. சாவு வீட்டில் யாரை வேண்டுமானாலும் வாயை மூடச் சொல்லலாம், ஒப்பாரி வைக்கிறவளைச் சொல்லக் கூடாது. அவள் கடனைச் சொல்வாள், குடியைச் சொல்வாள், சூதைச் சொல்வாள், யாரும் கையை நீட்டித் தடுக்க முடியாது. நயினார் சித்தப்பா தடுத்தார் என்று இரண்டு வருஷமாக வயிறெரிந்தவள், ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷனின் ஒப்பாரியை மூன்று வாரம் மூடி வைத்திருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டார் என்று மெச்சிக்கொண்டதும் அவள்தான். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“என்னக்கா?” என்று எட்டிப் பார்த்த ஆஷிக் படித்தான். படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “இன்னும் ஒரு மணி நேரந்தான். பெட்டி வெளிய வந்ததும் இதை முதல்ல விட்டுரலாம்.”

“எடுத்த பிறகு ஒப்பாரி எதுக்குடே? பொணம் கிடக்கும்போது வைக்கிறதுதாம் ஒப்பாரி.”

“வேலை போயிரும்.”

“தெரியும்.”

சுரேந்திரன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “முத்துமாரி, வேண்டாம். ஒரு ஒன் அவர் பொறுங்கோ. நாளைக்கு லெட்டர். அந்த மனுஷருக்கு நான் தனியா மெயில் எழுதி மன்னிப்பு கேக்கறேன்.”

“சார், எங்கம்மா பாதியில நிறுத்துனது இன்னும் பாதியிலதாம் கிடக்கு. அதுக்கு மெயில் எழுத முடியுமா?”

இந்தத் தடவை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. முத்துமாரி அந்த ஒன்றை மட்டும் எடுத்து, எல்டர்மியர் பக்கத்தின் உச்சியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி குத்திவைத்து, விட்டாள். அறிவிப்புப் பலகையில் ஒரு வரி சேர்த்தாள். ‘இது பந்தயம் அல்ல. இதை நிறுத்தியது என் தவறு. மற்றவை சடங்கு முடிந்த பிறகே.’

தளம் வெடித்தது. தடை உடைந்துவிட்டது, எங்கள் பணத்தைக் கொடு என்று ஒரு கூட்டம். இதைப் படித்த பிறகும் பணம் கேட்கிறாயா என்று இன்னொரு கூட்டம். மாடரேட்டர் வேலை போகும் என்பதற்கு விலை சரசரவென்று இறங்கி, கட்டினாலும் லாபமில்லாத அளவுக்கு வந்து நின்றது. அத்தனை உறுதியாகிவிட்டது அவள் வேலை போவது. ஒவ்வொன்றும் கொடி குத்தப்பட்டு அவள் திரைக்கு வந்தது, ஒவ்வொன்றையும் அவள் விட்டாள்.

சுரேந்திரனின் போன் அடித்தது. ஹெலன். அவர் எடுத்து இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு க்ளையன்டின் பேச்சை இடைமறித்தார். “மேடம், நான் பக்கத்துலதான் நின்னேன். நான் தடுக்கலை. அதையும் எழுதிக்கோங்கோ” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது.

முத்துமாரி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது திரையில் புதிதாக ஒன்று வந்து நின்றது. இதுவும் கொடி குத்தப்பட்டதுதான். எழுதியவர் ஈரக்குடை.

‘சர்ச் வாசலில் நிற்கிறேன். போனை அணைக்கச் சொல்கிறார்கள். மாடரேட்டருக்கு வேலை போய்விடும் என்று என் பெயரில் ஐந்து பவுண்டு.’

ஆஷிக்குக் கோபம் தாங்கவில்லை. “பாருங்கக்கா. இந்த ஆளுக்காக நீங்க வேலைய விட்டீங்க. நன்றி கெட்ட மனுசன், உங்க மேலயே கட்டுறான்.”

முத்துமாரி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணீரும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கைப்பையை மடியிலிருந்து எடுத்து மறுபடி மேஜைக்கு அடியில் வைத்தாள்.

“அவரு யார் மேலடே கட்டுவாரு? மேல குத்தி வச்சிருக்கத நல்லாப் படி. இன்னொண்ணு, அவரு பந்தயம் இதுவரை ஜெயிச்சிருக்கா?”

அவள் விடும் பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டி வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள்.